கே.பி. என்று எழுதியிருந்த குப்பி: ஒரு முனைவர் பட்ட ஆய்வின் நடுவழித் திருத்தம்

2024 பிப்ரவரியில், தென்சென்னையில் உள்ள ஓர் ஆய்வகத்தின் கருத்தரங்க அறையில், நான்கு ஆண்டுகளாக வாய்ப்புற்றுநோயைப் பற்றி ஆய்வு செய்துவந்த ஒரு மாணவி, தன்னிடம் இருந்தவை வாய்ப்புற்றுநோய் செல்களே அல்ல என்பதற்கான முதல் தடயத்தை, அது தடயம் என்று தெரியாமலேயே எங்களுக்குத் திரையில் காட்டினார். அவருடைய ஆய்வின் முன்னேற்றத்தை ஆண்டுதோறும் மதிப்பிடும் டாக்டரல் கமிட்டியில் நான் வெளி உறுப்பினர். அன்று தொடங்கி, 2025 இறுதியில் அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தது வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மாணவியும் நெறியாளரும் இதை எழுதச் சம்மதித்தார்கள். அவர்களையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

இது ஒரு மாணவியின் கவனக்குறைவைப் பற்றிய கதை என்று யாரும் வாசித்துவிடக் கூடாது. அவர் கைத்திறன் மிக்கவர். அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டில் தேதி இல்லாத பக்கம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மூலக்கூறு உயிரியலிலும் செல் உயிரியலிலும் ஆய்வு மாணவர்களுக்கு நாம் அளிக்கும் பயிற்சியில், செய்முறைகளை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, செய்முறைக்கு உட்படும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். அந்த விடுபடல் ஒருவருடைய நான்கு ஆண்டுகளை எப்படி விழுங்கியது என்பதையும், அதிலிருந்து அவர் எப்படி மீண்டார் என்பதையும்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

தொடக்கம்

மாணவி 2020 ஜனவரியில், தேசியத் தகுதித் தேர்வின் வழியாக இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். அவர் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான். இரண்டே மாதத்தில், மார்ச் 25 அன்று, நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வீட்டிலிருந்தபடியே கட்டாயப் பாடங்களை முடித்தார்; ஆய்வு நெறிமுறைத் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றார். ஆய்வகம் திரும்பத் திறந்தபோது ஆட்கள் முறை வைத்துத்தான் உள்ளே வர முடிந்தது. வெளியூரிலிருந்து புதிய செல்களைத் தருவிப்பது நினைத்தும் பார்க்க முடியாததாக இருந்தது. ஆகவே ஆய்வகத்தின் திரவ நைட்ரஜன் கலனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக்கொண்டார். குப்பியின் மேல் கறுப்பு மார்க்கரால் ‘கே.பி., பி-31’ என்று எழுதியிருந்தது. கே.பி. என்பது செல்லின் பெயர். பி-31 என்றால் முப்பத்தொன்றாவது பாசேஜ், அதாவது அந்தச் செல்கள் அத்தனை முறை பிரித்து மறுபடி வளர்க்கப்பட்டவை என்று பொருள்.

கே.பி. என்ற செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல் வகை) 1950-களின் நடுவில், ஓர் ஆணின் வாய்ப்பகுதிப் புற்றுக்கட்டியிலிருந்து உருவாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அன்றுமுதல் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் அது ‘வாய்ப்புற்றுநோய் செல்’ என்றே இடம்பெற்றிருக்கிறது. புகையிலை மெல்லும் வழக்கம் பரவலாக உள்ள நம் நாட்டில் வாய்ப்புற்றுநோயை ஆராய நினைப்பது இயல்பு. அதற்குக் கையில் கிடைத்த கே.பி.யை எடுத்துக்கொள்வதும் இயல்பாகவே தோன்றியிருக்கும்.

அவர் கேட்ட ஆய்வுக் கேள்வி பி53 என்ற புரதத்தைப் பற்றியது. செல்லின் டி.என்.ஏ. சேதமடையும்போது, செல் பிரிவதை நிறுத்தவோ செல்லைத் தானாக அழியச் செய்யவோ உத்தரவிடும் புரதம் இது. ஏறத்தாழப் பாதி மனிதப் புற்றுநோய்களில் இதன் மரபணு பழுதுபட்டிருக்கும். பழுதில்லாத செல்லில் எம்.டி.எம்2 என்ற இன்னொரு புரதம் பி53-ஐ இடைவிடாமல் அழித்து, அதன் அளவைக் குறைவாக வைத்திருக்கும். எம்.டி.எம்2-ஐத் தடுக்கும் நட்லின் என்ற மூலக்கூறைக் கொடுத்தால் பி53 பெருக வேண்டும். அப்படிப் பெருகும்போது, வாய்ப்புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரப்படும் சிஸ்பிளாட்டின் மருந்து இன்னும் நன்றாக வேலை செய்யுமா என்பதே அவருடைய கேள்வி. நல்ல கேள்விதான். சோதித்துப் பார்க்கத் தக்கதும்கூட.

பி53 பெருகவில்லை. நட்லின் கொடுத்தாலும் பெருகவில்லை. அளவைக் கூட்டினாலும் நேரத்தை நீட்டினாலும் பெருகவில்லை. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படத்தில், பி53-இன் எடையான 53 கிலோடால்டன் அருகே இருக்க வேண்டிய பட்டை, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படி இருந்தது. பி53-ஐ அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். மூன்று முறை ஆன்டிபாடியை மாற்றினார்கள். ஒரு குப்பி ஆன்டிபாடியின் விலை பெரும்பாலும் ஒரு மாத உதவித்தொகையைத் தொட்டுவிடும். வெளிநாட்டிலிருந்து வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். இதிலேயே ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. இடையில், பி53 சாராத வேறு சில அளவீடுகளை வைத்து ஒரு கட்டுரையும் வெளியாயிற்று. அதன் தலைப்பிலேயே ‘மனித வாய்ப்புற்றுநோய் செல்கள்’ என்ற தொடர் இருந்தது.

பிப்ரவரிக் கூட்டம்

அன்று அவர் காட்டிய பிளாட்டில் நான்கு பட்டைத்தடங்கள் இருந்தன. முதலாவது, மருந்து எதுவும் கொடுக்காத செல். இரண்டாவது, நட்லின். மூன்றாவது, சிஸ்பிளாட்டின். நான்காவது, எம்.ஜி.132 கொடுத்த செல். எம்.ஜி.132 என்பது புரோட்டியசோம் என்ற செல்லின் புரத அரவை இயந்திரத்தையே நிறுத்தும் வேதிப்பொருள். கீழே, எல்லாத் தடங்களிலும், எல்லாச் செல்களிலும் இருக்கும் ஆக்டின் என்ற புரதம் ஒரே சீராக இருந்தது; அதாவது எல்லாவற்றிலும் சம அளவு புரதம் ஏற்றப்பட்டிருந்தது. மேலே முதல் மூன்று தடங்களில் பட்டை அநேகமாக இல்லை. நான்காவதில் மட்டும் தடித்த, கறுத்த பட்டை. அதை அவர் ‘பாசிட்டிவ் கன்ட்ரோல்’ (சோதனை வேலை செய்கிறது என்று காட்டும் ஒப்பீடு) என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

திரும்பி அந்தப் படத்துக்கே வரச் சொன்னேன். அந்த நான்காவது தடம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஆன்டிபாடி நன்றாகவே வேலை செய்கிறது என்பது ஒன்று. செல் பி53-ஐத் தயாரிக்கிறது, ஆனால் தயாரித்த வேகத்திலேயே யாரோ அதை அரவைக்கு அனுப்புகிறார்கள். அந்த யாரோ எம்.டி.எம்2 அல்ல, ஏனென்றால் எம்.டி.எம்2-ஐத் தடுத்தாலும் பட்டை வரவில்லை என்பது இன்னொன்று. எம்.டி.எம்2 இல்லாமல் பி53-ஐ இவ்வளவு மும்முரமாக அழிக்கும் ஒன்று என்றால், கருப்பைவாய்ப் புற்றுநோயில் பாடப்புத்தக அளவுக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. மனித பாப்பிலோமா வைரஸின் (எச்.பி.வி.) இ6 புரதம், செல்லின் சொந்த நொதி ஒன்றைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பி53-மீது உபிக்விடின் முத்திரையைக் குத்தி அழிவுக்கு அனுப்புகிறது.

ஆனால் அந்த இடத்தில் நான் வைரஸைப் பற்றிப் பேசவில்லை. ‘இந்த செல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?’ என்று மட்டும் கேட்டேன்.

‘அக்கா கொடுத்தாங்க சார்’ என்றார்.

அந்தப் பதிலில் தவறு ஏதும் இல்லை. சென்னையின் ஆய்வகங்களில் அக்காக்களும் அண்ணன்களும்தான் உண்மையான ஆசிரியர்கள். ஹூடுக்குள் கையை எப்படி வைத்துக்கொள்வது, பிப்பெட்டைச் சாய்க்காமல் எப்படி உறிஞ்சுவது, செல் வளரும் திரவமான மீடியத்தின் நிறம் மஞ்சளாகத் திரும்பும்போது ஏன் பதற வேண்டும் என்பதையெல்லாம் பாடத்திட்டம் கற்றுத்தராது; பக்கத்தில் நிற்கும் மூத்த மாணவிதான் கற்றுத்தருவார். அந்த வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் கைப்பழக்கத்தோடு சேர்ந்து, கேட்கப்படாத நம்பிக்கைகளும் அதே கைகளின் வழியாகத்தான் இறங்குகின்றன.

அக்காவுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பது ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு தரைத்தளத்து அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அந்த அறைக்குள் தண்ணீர் வந்தது. நைட்ரஜன் கலனை மேடைமீது ஏற்றியிருந்ததால் குப்பிகள் தப்பின. பதிவேட்டின் மை கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. வெயிலில் காயவைத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தேதிகள் சில தெரிந்தன, பெயர்கள் தெரியவில்லை.

எனவே மாணவி பழைய மாணவர்களைத் தொலைபேசியில் தேடத் தொடங்கினார். அக்கா, அவருக்கு முன்பிருந்த அண்ணன், அவருக்கும் முன்பிருந்தவர் என்று நான்கு பேரைத் தாண்டி, இப்போது வேறொரு நகரில் கல்லூரிப் பேராசிரியராக இருக்கும் ஒருவர் கிடைத்தார். 2009-இல் நகரின் இன்னொரு ஆய்வகத்திலிருந்து ஒரு டி-25 ஃபிளாஸ்க்கில் மீடியத்தைக் கழுத்துவரை நிரப்பி, மூடியில் பாராஃபிலிம் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து ஆட்டோவில் மடிமீது வைத்துக்கொண்டு வந்ததாக அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த ஆய்வகத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை. எழுத்தில் எதுவும் இல்லை.

சோதனையும் சர்ச்சையும்

முதல் சோதனை எளியது. எச்.பி.வி.-18 வைரஸின் இ6 மரபணுவுக்கான பிரைமர்களைக் கொண்டு, அந்த மரபணு இருந்தால் அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை செய்தார்கள். இதே ஆய்வகத்தில், இந்த வைரஸைச் சுமக்கும் கருப்பைவாய்ப் புற்று செல்களான ஹீலாவும் வளர்ந்துகொண்டிருந்ததால், எங்கேயோ ஒரு துளி கலந்து பொய்ப் பட்டை வந்துவிடக் கூடாது என்று, வேறொரு மாடியில், புதிதாகப் பிரித்த பிப்பெட் முனைகளோடு டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கச் சொன்னேன். மூன்று ஆண்டுகளாக வளர்த்துவந்த செல்லோடு நிற்காமல், கலனில் இருந்த மிகப் பழைய கே.பி. குப்பியையும் உருக்கி எடுத்துச் சேர்த்தார்கள். ஜெல்லைப் புற ஊதா ஒளியில் வைத்தபோது நானும் அங்கே இருந்தேன். ஹீலாவின் தடத்தில் ஒரு பட்டை, டி.என்.ஏ. சேர்க்காத தண்ணீர்த் தடம் வெறுமை, கே.பி.யின் இரண்டு தடங்களிலும், ஹீலாவுக்கு நேராக, அதே உயரத்தில், அதே பட்டை. மாணவி ஒன்றும் பேசவில்லை. படத்தைச் சேமித்து, கோப்புக்குத் தேதியிட்டுப் பெயர் வைத்தார்.

நெறியாளர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணம் சரியானது. வாய்ப்பகுதிப் புற்றுநோய்களில் சிறு பங்கு பாப்பிலோமா வைரஸைச் சுமந்திருக்கும். வைரஸ் இருப்பதாலேயே அது வாய்ச் செல் இல்லை என்று ஆகிவிடாது. எனவே எஸ்.டி.ஆர். ஒப்பீடு செய்தார்கள். மனித டி.என்.ஏ.வில் சிறு துணுக்குகள் அடுத்தடுத்து எத்தனை முறை திரும்ப வருகின்றன என்பதைப் பல இடங்களில் எண்ணி, ஒவ்வொரு செல்லுக்கும் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தைத் தரும் முறை இது. தடய அறிவியலில் ஆட்களை அடையாளம் காண்பதும் இதே வழியில்தான். செலவு சில ஆயிரம் ரூபாய். மாற்றிய மூன்று ஆன்டிபாடிகளில் ஒன்றின் விலையைவிடக் குறைவு.

விடை ஹீலா என்று வந்தது. பால் குறியீடான அமிலோஜெனினில் எக்ஸ் மட்டுமே இருந்தது, ஒய் இல்லை. கே.பி. ஓர் ஆணிடமிருந்து எடுக்கப்பட்டதாகத்தான் பதிவு. இந்த ஒன்றை வைத்தே முடிவு கட்ட முயன்ற இளைய மாணவர் ஒருவரை நான் தடுக்க வேண்டியிருந்தது. நெடுங்காலம் வளர்க்கப்பட்ட செல்கள் ஒய் குரோமோசோமை இழப்பது சாதாரணம். மற்ற இடங்கள் எல்லாம் ஹீலாவோடு பொருந்தியதுதான் சான்று.

இங்கே சற்று வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவருடைய அனுமதி பெறாமல் எடுக்கப்பட்ட செல்களே ஹீலா. அவர் அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார். செல்கள் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. எந்த அளவுக்கு வீரியமாகப் பெருகும் என்றால், ஒரு துளி இன்னொரு ஃபிளாஸ்க்கில் விழுந்தாலும் சில வாரங்களில் அங்கே இருந்த செல்களை ஓரங்கட்டி முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட பதினெட்டு செல் லைன்களில் ஒரே நொதி வகை இருப்பதைக் காட்டி, அவை ஹீலாவாக இருக்கலாம் என்று அறிவித்தார். 1970-களில் வால்ட்டர் நெல்சன்-ரீஸ், குரோமோசோம் அடையாளங்களைக் கொண்டு இப்படிப்பட்ட செல்களின் பெயர்களைப் பட்டியலிட்டே வெளியிட்டார். கே.பி.யும் ஹீலாதான் என்பது செல் களஞ்சியங்களின் குறிப்புகளிலேயே நெடுநாளாக இருக்கிறது. ஹெப்-2, சாங் கல்லீரல் செல், இன்டஸ்டைன்-407 ஆகியவற்றின் கதையும் இதுவே.

ஆகவே பிழை இந்த ஆய்வகத்தில் நேரவில்லை. மாணவியின் கையிலும் நேரவில்லை, ஆட்டோவில் மடிமீது வைத்துக் கொண்டுவந்தவர் கையிலும் நேரவில்லை. அவர்கள் எல்லாரும் பிறப்பதற்கு முன்பே, கடல்களுக்கு அப்பால் நேர்ந்த பிழை அது. என்னை வருத்துவது வேறு. களஞ்சியத்தின் இணையப் பக்கத்தில் ஒரு வரியாக நிற்கும் உண்மை, பதினைந்து ஆண்டுகளாக அந்தச் செல்லைக் கையாண்ட நான்கு தலைமுறை மாணவர்களில் ஒருவருக்கும் எட்டவில்லை. அவர்களுடைய டாக்டரல் கமிட்டிகளில் உட்கார்ந்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. 2024-க்கு முன்பு இதே மாணவியின் மூன்று கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். மூன்றிலும் புள்ளியியலைப் பற்றித்தான் கேட்டேன். அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை.

மீட்பு

உதவித்தொகை முடியப் பதினொரு மாதங்களுக்கும் குறைவாகவே இருந்தது. இளநிலையில் இரண்டும் முதுநிலையில் மூன்றுமாக ஐந்து ஆண்டுகள்தான் அது. ஆய்வேட்டில் ‘வாய்’ என்ற சொல் வரும் இடங்களை மாற்றிவிட்டு, செல்லின் பெயரை ஒரு அடிக்குறிப்பில் அடக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. யாரிடமிருந்து என்று சொல்லப்போவதில்லை. நெறியாளர் அதை மறுத்துவிட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அந்த ஆய்வகத்தில் அந்த ஆண்டு நடந்த மிகப் பெரிய பயிற்சி அந்த மறுப்புதான் என்பது என் எண்ணம். வெளிவந்த கட்டுரைக்குத் திருத்தம் கோரி இதழாசிரியருக்கு எழுதிய கடிதத்தில், மாணவியின் பெயரை முன்னே விடாமல், பொறுப்பாளர் என்ற முறையில் தம் பெயரை முதலில் இட்டார். கடிதத்தின் வரைவை மட்டும் மாணவியையே எழுதச் சொன்னார். ஏழு முறை திருத்தினார்கள். முதல் வரைவில் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. கடைசி வரைவில் ஓரிடத்திலும் இல்லை.

அறிவியல் பக்கம் எதிர்பாராத அளவுக்கு வளமாக அமைந்தது. செல் களஞ்சியத்திலிருந்து சான்றிதழோடு கால்-27 என்ற, நாக்குப் புற்றிலிருந்து வந்த செல் லைனை வரவழைத்தார்கள். அதில் வைரஸ் இல்லை. பி53 மரபணுவிலேயே, 193-ஆம் இடத்தில், ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் வந்திருக்கிறது. அந்தச் செல்லின் பிளாட்டில் முதல் தடத்திலேயே, மருந்து எதுவும் கொடுக்கும் முன்பே, பி53 பட்டை கறுத்துத் தடித்து நின்றது. பழுதான பி53-ஆல் தன்னை அழிக்கும் எம்.டி.எம்2-ஐச் சரியாகத் தயாரிக்கச் செய்ய முடியாது; எனவே அது அழியாமல் குவிகிறது, ஆனால் வேலை செய்வதில்லை. ஹீலாவில் பி53 நல்ல நிலையில் இருந்தும் நிற்கவிடாமல் வைரஸ் அழிக்கிறது. கால்-27-இல் ஏராளமாக நின்றும் பயனில்லை. இரண்டிலும் நட்லினால் ஒன்றும் ஆவதில்லை, முற்றிலும் எதிரெதிரான காரணங்களால். நான்கு ஆண்டுகளாக ‘வேலை செய்யாத சோதனை’ என்று ஒதுக்கி வைத்திருந்த பிளாட்டுகள் அத்தனையும் இப்போது ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், சரியான பெயரோடு, விடை தரும் சோதனைகளாக உட்கார்ந்தன.

அதைச் செய்து முடிக்கக் கூடுதலாக ஓராண்டு ஆயிற்று. 2025 ஜனவரியில் உதவித்தொகை நின்றது. மாலை வேளைகளில் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வகுப்பெடுத்து, காலையிலும் இரவிலும் ஆய்வகத்தில் இருந்தார். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறை முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக ஆறு ஆண்டுகள் வரை அனுமதிக்கிறது. அந்த எல்லைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது சமர்ப்பித்தார். ஒரு மாணவி இந்தச் சுமையைத் தனியே தாங்கியிருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொருளின் அடையாளம் தவறென்று தெரியவந்து, அதை மறைக்காமல் அறிவித்த மாணவருக்கு உதவித்தொகையை நீட்டிக்க ஒரு வழி விதிகளில் இருந்தாக வேண்டும். மறைத்தவர் உரிய காலத்தில் பட்டம் பெற்று, சொன்னவர் கையிலிருந்து செலவழிப்பது என்ற நிலை இருக்கும்வரை, நெறிமுறைத் தாளில் நாம் எத்தனை மதிப்பெண் வைத்தாலும் மாணவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்பது தெரிந்ததே.

ஆய்வகத்தில் மாறியவை சில. புதிய பதிவேடு முதல் மாடியில் இருக்கிறது. அதன் நகல் கணினியிலும் இருக்கிறது. ஒவ்வொரு குப்பிக்கும் யாரிடமிருந்து, எந்தத் தேதியில், எந்தச் சான்றோடு வந்தது என்று எழுதப்படுகிறது. செல்களில் தெரியாமல் கலந்துவிடும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. பழைய கே.பி. குப்பிகளை அழித்துவிடலாமா என்று நெறியாளர் கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னவர் மாணவிதான். அவை இப்போது எண் மட்டும் ஒட்டப்பட்டு, பெயர் இல்லாமல் கலனில் இருக்கின்றன. புதிதாகச் சேரும் மாணவருக்கு முதலில் அதில் ஒன்றை உருக்கிக் கொடுத்து, இது என்ன செல் என்று ஆறு வாரத்தில் சான்றோடு எழுதித் தரச் சொல்கிறார்கள். கடந்த முறை சேர்ந்த தம்பி, குப்பியை வாங்கியதும் மைக்ரோஸ்கோப்பை நோக்கிப் போகவில்லை. மாணவியிடம் வந்து, ‘அக்கா, இது உங்களுக்கு யார் கொடுத்தாங்க?’ என்று கேட்டாராம்.